பார்க்காமல் எழுதிய சீட்டு

கூரம்
14-2-1961

அம்முலுவுக்கு ராணியம்மாள் எழுதுவது.

நலம் விசாரிக்க இதை எழுதவில்லை. நான் இப்போது திருப்புலிவனத்தில் இல்லை என்பது உனக்கு இதற்குள் தெரிந்திருக்கும். தை அமாவாசை கழிந்த மூன்றாம் நாள் அவர் என்னை பஸ் ஏற்றிக் கூட்டிவந்து, கூரத்தில் என் அண்ணன் தாண்டவராயன் வீட்டு வாசலில் விட்டுப் போனார். உள்ளே வந்து ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. என் மகள் பச்சையம்மாளுக்கு ஏழு வயது. அவளை மாமியார் அனுப்பவில்லை. “பொண்ணு எங்க வூட்டுது. நீ மட்டும் போ” என்று சொல்லிவிட்டார்.

எல்லாம் நீ எழுதிய சீட்டால் வந்தது.

இரண்டு வருஷமாக எனக்கு அந்த இடத்தில் அரிப்பு. வேப்பிலை வேகவைத்த தண்ணீரில் கழுவினேன், மஞ்சள் பூசினேன். போகவில்லை. எங்கள் தெருவுக்கு நீ பிரசவம் பார்க்க வந்த அன்று வெட்கத்தை விட்டு உன்னிடம் சொன்னேன். நீ நர்சு, படித்தவள், உனக்குத் தெரியும் என்று நினைத்தேன். ஊதா மருந்து போட்டாய். எரிந்த எரிச்சலில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். புடவைகள் கறையானதுதான் மிச்சம். இரண்டாம் முறையும் அதே மருந்து. மூன்றாம் முறை மருந்துகூட இல்லை, சீட்டு. “கணவர், மனைவி இருவரும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். தகாத சேர்க்கையால் வரும் நோயாக இருக்கலாம்.”

யாருடைய தகாத சேர்க்கை, அம்முலு?

அந்தச் சீட்டு அவர் கைக்குப் போய்விட்டது. பிறகு அந்த வீட்டில் ஒரு வேளைச் சோறு நிம்மதியாக இறங்கவில்லை. அவரும் ரத்தம் கொடுத்தார், நானும் கொடுத்தேன். இரண்டு பேர் ரத்தத்திலும் ஒன்றும் இல்லை என்று தாள் வந்தது. அந்தத் தாளை என் முன்னால் போட்டு, “இப்ப இன்னா சொல்ற?” என்று கேட்டார். மறுநாள் பஸ்.

நீ பதில் எழுதவேண்டும் என்று இல்லை. நீ இரண்டு வரி எழுதினாய், ஒரு குடும்பம் கலைந்தது. அது உனக்குத் தெரியவேண்டும், அவ்வளவுதான். அரிப்பு அப்படியேதான் இருக்கிறது.

ராணியம்மாள்

*

உத்திரமேரூர்
20-2-1961

மரியாதைக்குரிய ராணியம்மாள் அவர்களுக்கு, நர்சு அம்முலு வணக்கத்துடன் எழுதுவது.

தங்கள் கடிதம் கிடைத்தது. இரண்டு முறை மருந்து போட்டும் குணமாகாத பெண்களையும் அவர்கள் கணவர்களையும் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பவேண்டும் என்பது எங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தந்த முறை. அதன்படிதான் எழுதினேன். சீட்டை உறையில் போட்டு, ஒட்டி, தங்கள் கையில்தான் தந்தேன். அது வேறு ஒருவர் கைக்கு எப்படிப் போனது என்று எனக்குத் தெரியாது. நடந்ததற்கு வருந்துகிறேன்.

மேலே உள்ளதை நேற்று எழுதினேன். இன்று காலை தபாலில் போட எடுத்துப்போய், போடாமல் திரும்பிவிட்டேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் உண்மை முழுதாக இல்லை.

அம்மா, நான் பார்க்கவில்லை.

தாங்கள் உள் அறையில் படுத்தீர்கள். கதவை மூடினீர்கள். “வெளக்கு வேணாம், அப்படியே தடவிட்டுப் போ” என்றீர்கள். சேலைக்கு அடியில் கையை விட்டுப் பஞ்சால் மருந்தைத் தடவினேன். இரண்டு முறையும் அப்படித்தான். “விளக்கு இல்லாமல் மருந்து போட மாட்டேன்” என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. என் அப்பா தானியேலும் தம்பி கோபாலும் தங்கள் கழனியில் வேலை செய்கிறவர்கள். நானே தங்கள் வீட்டுக்குத் தோட்டத்துப் பக்கமாக வந்துபோகிறவள். அந்த வீட்டு அம்மாவைப் பார்த்து, “சேலையைத் தூக்குங்கள், பார்க்கவேண்டும்” என்று எப்படிச் சொல்வேன்? அதனால் ஊகித்தேன். பத்தில் எட்டுப் பேருக்கு இருப்பதுதான் உங்களுக்கும் இருக்கும் என்று மருந்து கொடுத்தேன். அது பலிக்காதபோது அடுத்த ஊகத்தைத் தாளில் எழுதினேன்.

இப்போதாவது கேட்கவேண்டியதைக் கேட்கிறேன். கோபப்படாமல் பதில் எழுதுங்கள். வெள்ளை படுகிறதா? நாற்றம் உண்டா? அரிப்பு எந்த நேரத்தில் அதிகம்? சிறுநீர் போகும்போது எரிகிறதா? போன இடத்தில் எறும்பு மொய்க்கிறதா? (சர்க்கரை வியாதி இருந்தாலும் இப்படி அரிக்கும்.) கணவரோடு சேரும்போது வலிக்கிறதா? தோல் வெடிக்கிறதா? கழுவ எதைப் பயன்படுத்துகிறீர்கள்?

இன்னொன்று. கைக்கண்ணாடி ஒன்றை எடுத்துக்கொண்டு, கதவைத் தாழிட்டு, பகல் வெளிச்சத்தில் அந்த இடத்தை நீங்களே ஒருமுறை பாருங்கள். என்ன நிறத்தில் இருக்கிறது என்று எழுதுங்கள்.

பச்சையம்மாளை நேற்றுப் பார்த்தேன். பள்ளிக்கூடம் போகிறாள். தலை பின்னி, எண்ணெய் வைத்து, நன்றாகத்தான் இருக்கிறாள்.

தங்கள் பணிவுள்ள
அம்முலு

*

கூரம்
6-3-1961

அம்முலுவுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் கிழித்துப்போட நினைத்தேன். கண்ணாடியாம்! மானம் உள்ள பெண் செய்கிற காரியமா? என் முப்பத்தொரு வயதில் அந்த இடத்தை நான் கண்ணால் பார்த்ததில்லை. பிள்ளை பெற்றேன், அப்போதும் பார்த்ததில்லை.

ஆனால் நீ “பார்க்கவில்லை” என்று எழுதியிருந்தாயே, அந்த ஒரு வார்த்தைக்காகக் கிழிக்காமல் வைத்தேன். இரண்டு வாரம் பெட்டிக்கு அடியில் கிடந்தது.

கேட்டதற்குப் பதில். வெள்ளை படுவதில்லை. நாற்றம் இல்லை. எறும்பு இல்லை. அரிப்பு படுத்தபிறகு அதிகம், தூக்கத்திலும் சொறிந்துவிடுகிறேன். சிறுநீர் பட்டால் வெடிப்பில் உப்பு வைத்ததுபோல் எரிகிறது. கழுவுவது முதலில் சுடுதண்ணீரில், பிறகு சலவை சோடா கலந்து. சுத்தமாக இருந்தால் போய்விடும் என்று நினைத்தேன். அவரோடு சேர்வது ஒரு வருஷமாக முடியவில்லை. தோல் கிழிந்து ரத்தம் வரும். வலிக்கிறது என்று சொல்ல வெட்கப்பட்டு, கோயிலுக்கு நேர்ந்திருக்கிறேன், தலைவலி, அது இது என்று தள்ளிக்கொண்டே வந்தேன். அவர் அதை எப்படி எடுத்துக்கொண்டார் என்று எனக்குத் தெரியும்.

இவ்வளவும் எழுதி முடித்தபிறகு, நேற்று மத்தியானம் அண்ணி சொக்கம்மாள் களத்துக்குப் போனபோது கதவைத் தாழிட்டுப் பார்த்தேன்.

வெள்ளையாக இருக்கிறது, அம்முலு. இரண்டு பக்கமும். பின்பக்கம் வரைக்கும் போயிருக்கிறது. சுருங்கி, மினுமினுவென்று, பூண்டுத் தோல்போல இருக்கிறது. அங்கங்கே கீறல்.

இது பெருநோய்தானே, குஷ்டம்தானே? மறைக்காமல் சொல். அண்ணன் மகளுக்குப் பங்குனியில் பரிசம் போடப்போகிறார்கள். இந்த வீட்டில் பெருநோய்க்காரி இருக்கிறாள் என்று தெரிந்தால் யார் வருவார்கள்? இந்த வீட்டுத் தட்டில்தான் சாப்பிடுகிறேன், இந்த வீட்டுப் பாயில்தான் படுக்கிறேன். பச்சையம்மாளை மடியில் வைத்து வளர்த்தேனே, அவளுக்கு ஒட்டியிருக்குமா? செங்கல்பட்டுப் பக்கம் பெருநோய்க்காரர்களைச் சேர்த்துக்கொள்ளும் ஆஸ்பத்திரி இருக்கிறதாம். யாரிடமும் சொல்லாமல் அங்கே போய்விடலாம் என்று யோசிக்கிறேன். உன் பதில் வரும்வரை காத்திருப்பேன். கவரில் எழுது, கார்டில் எழுதாதே.

ராணியம்மாள்

*

உத்திரமேரூர்
9-3-1961

அம்மாவுக்கு,

அவசரமாக எழுதுகிறேன். எங்கும் போகாதீர்கள்.

என் சித்தப்பா ஏசுதாசுக்குப் பெருநோய். நான் சிறுமியாக இருந்ததிலிருந்து அதைப் பார்த்து வளர்ந்தவள். அடுப்பிலிருந்து கொதிக்கிற சட்டியை வெறும் கையால் இறக்குவார். விரல் வெந்துபோகும், அவருக்குத் தெரியாது. சித்திதான் பார்த்துக் கத்துவாள். பெருநோய்ப் படையில் உணர்ச்சி இருக்காது, அம்மா. அது அரிக்காது, எரியாது. உங்களுக்கோ அரிப்பு தூங்கவிடவில்லை, சிறுநீர் பட்டால் எரிகிறது.

ஆனாலும் இந்த முறை ஊகத்தில் எழுத மாட்டேன். நீங்களே சோதித்துப் பாருங்கள். பஞ்சைத் திரித்து நுனியை மெல்லிசாக்குங்கள். கண்ணை மூடிக்கொண்டு வெள்ளையான இடத்தில் லேசாகத் தொடுங்கள். பிறகு தொடையில் நல்ல தோலில் தொடுங்கள். இரண்டும் ஒன்றுபோல் தெரிகிறதா என்று எழுதுங்கள்.

வெண்புள்ளியாகவும் இருக்காது என்று நினைக்கிறேன். வெண்புள்ளி வந்த தோல் நிறம்தான் மாறும். சுருங்காது, வெடிக்காது. அப்படியானால் இது என்ன? எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று எழுத இப்போது எனக்கு வெட்கமில்லை.

காஞ்சிபுரத்தில் ஒரு லேடி டாக்டர் இருக்கிறார்கள். எனக்குப் பயிற்சி கொடுத்தவர்கள். உங்கள் முதல் கடிதம் வந்ததுமே அவர்களுக்கு எழுதியிருந்தேன். 18-ஆம் தேதி சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வரச் சொல்கிறார்கள். நான் அங்கே பஸ் நிலையத்தில் நிற்பேன். என்னோடு சேர்ந்து நடந்துவர உங்களுக்குச் சங்கடம் என்றால் சொல்லுங்கள், முன்னால் போய் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறேன்.

சலவை சோடாவை இன்றே நிறுத்துங்கள். வெறும் பச்சைத்தண்ணீர் போதும். கழுவியபின் சுத்தமான தேங்காய் எண்ணெய் தடவுங்கள்.

அம்முலு

*

கூரம்
14-3-1961

அம்முலுவுக்கு,

பஞ்சு தொட்டது தெரிந்தது. தொடையில் தெரிந்ததைவிட அங்கே கூடுதலாகத் தெரிந்தது. நாலு தரம் தொட்டுப் பார்த்தேன். பிறகு உட்கார்ந்து அழுதேன்.

சனிக்கிழமை வருகிறேன். பரிசத்துக்குப் புடவை பார்க்கப் போகிறோம் என்று அண்ணனிடம் சொல்லி அண்ணியோடு வருகிறேன். அண்ணியிடம் மட்டும் பாதி சொல்லியிருக்கிறேன்.

நீ பஸ் நிலையத்திலேயே நில். எனக்கு அந்த ஆஸ்பத்திரிக்கு வழி தெரியாது.

ராணியம்மாள்

*

உத்திரமேரூர்
20-3-1961

அன்புள்ள அம்மாவுக்கு,

சனிக்கிழமை பயத்தில் உங்கள் காதில் பாதிதான் விழுந்திருக்கும். “எல்லாத்தையும் எழுதி அனுப்பு” என்று பஸ் ஏறும்போது சொன்னீர்கள். டாக்டரம்மா சொன்னதை அன்றைக்கே நோட்டில் குறித்துவைத்தேன். அதைப் பார்த்து எழுதுகிறேன்.

இது பெருநோய் இல்லை. பால்வினை நோய் இல்லை. வெண்புள்ளியும் இல்லை. இது தோலுக்கு வருகிற ஒரு வியாதி. அதன் பெயர் லைக்கன் ஸ்க்லிரோசஸ். நான் மூன்று முறை சொல்லிப் பார்த்துத்தான் எழுத வந்தது. ஏன் வருகிறது என்று இதுவரை யாருக்கும் நிச்சயமாகத் தெரியாதாம். யாரிடமிருந்தும் ஒட்டி வந்ததில்லை. உங்களிடமிருந்து கணவருக்கோ மகளுக்கோ ஒட்டாது. தீட்டு நின்றுபோன பெண்களுக்குத்தான் அதிகம் வருமாம். சின்னப் பெண்களுக்கும் வருவதுண்டு. உங்கள் வயதில் குறைவு. தோல் வெளுத்து, மெலிந்து, கிழியும். கவனிக்காமல் விட்டால் சுருங்கிக்கொண்டே போகும். வலி உங்கள் கற்பனை இல்லை, உங்கள் மனக்குறையும் இல்லை. தோல் உண்மையாகவே கிழிகிறது.

டாக்டரம்மா தந்த களிம்பை இரவில் ஒரு முறை, பயறளவு, மெல்லிசாகத் தடவுங்கள். சீக்கிரம் குணமாகட்டும் என்று அள்ளிப் பூசாதீர்கள். சோப்பு, சீயக்காய், மஞ்சள் எதுவும் அங்கே படவேண்டாம். அரிப்பு அடங்க மூன்று வாரம் ஆகலாம். அடங்கினாலும் வியாதி ஒரேயடியாகப் போய்விட்டது என்று அர்த்தமில்லை. அடக்கிவைத்துக்கொள்ளலாம். வருஷத்துக்கு இரண்டு முறை அவர்களிடம் காட்டவேண்டும். ஆறாத புண்ணோ தடிப்போ வந்தால் காத்திருக்காமல் வரவேண்டும். சிலருக்கு, சிலருக்கு மட்டும்தான், அது புற்றாக மாறலாம். அதற்காகத்தான் கடுகளவு தோல் எடுத்துச் சென்னைக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

டாக்டரம்மா என்னிடம் கேட்டது உங்கள் காதிலும் விழுந்தது. “ஊதா மருந்து போட்டாயே, பார்த்துவிட்டா போட்டாய்?” என்றார்கள். உங்கள் முன்னாலேயே “இல்லை” என்று சொன்னேன். அவர்கள் திட்டியிருந்தால் தேவலை. “நானும் சின்ன வயதில் அப்படிச் செய்திருக்கிறேன்” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்கள்.

நீங்கள் உள்ளே படுத்திருந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். உங்களுக்கு நினைவிருக்குமோ என்னவோ.

அம்முலு

*

கூரம்
17-4-1961

அன்புள்ள அம்முலுவுக்கு,

நினைவிருக்கிறது.

போன வாரம் ஒரு நாள் விடிந்தபிறகுதான் கண் விழித்தேன். இரண்டு வருஷத்தில் முதல் தடவை. அண்ணி பயந்துபோய் வந்து எழுப்பினாள். அரிப்பு முக்கால்வாசி அடங்கிவிட்டது. கீறல்கள் மூடிக்கொண்டன.

தூக்கம் வந்தபிறகு மற்றது எல்லாம் ஞாபகம் வருகிறது. பச்சையம்மாள் மூன்று மாதமாக என்னைப் பார்க்கவில்லை. பரிசத்துக்கு அழைக்கப் போன அண்ணனிடம் அவர், “அவ என்னப் பாத்து இன்னா சொன்னான்னு அவளையே கேளுங்க” என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். மாமியார் வேறு இடத்தில் பெண் பார்ப்பதாகக் காதில் விழுகிறது.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். கேட்க எனக்கு உரிமை இருக்கிறது. சீட்டை எழுதியவள் நீ. நீயே போய் அவரிடம் சொல். பார்க்காமல் எழுதினேன், அது அந்த நோய் இல்லை, இன்ன நோய் என்று சொல். டாக்டரம்மா தந்த தாளை இதோடு வைத்திருக்கிறேன், அதையும் காட்டு. தோட்டத்துப் பக்கமாகப் போகாதே. வாசலில் நின்று கூப்பிட்டுச் சொல்.

உன் அப்பாவும் தம்பியும் எங்கள் கழனியில் வேலை செய்கிறார்கள் என்பது எனக்கு மறக்கவில்லை. தெரிந்துதான் கேட்கிறேன்.

ராணியம்மாள்

*

உத்திரமேரூர்
24-4-1961

ராணியம்மாள் அவர்களுக்கு,

போனேன்.

அப்பாவிடம் முதலில் சொன்னேன். வேலை போனால் என்ன செய்வது என்று அவர் கேட்கவில்லை. “தப்பு உன்னுதா?” என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். “அப்ப போய்ச் சொல்லிட்டு வா” என்றார்.

நேற்று ஞாயிறு, ஆராதனை முடிந்து அப்படியே வெள்ளைப் புடவையோடு போய் வாசலில் நின்றேன். உங்கள் கணவர் ஏகாம்பரம் வெளியே வந்தார்.

“இன்னா நர்சு, இந்தப் பக்கமா வந்து நிக்கிற?”

“ஒரு விஷயம் சொல்லணும், ஐயா. தெருவுல வச்சு சொல்ற விஷயம் இல்ல.”

 உள்ளே வரச் சொன்னார். கூடத்தில் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். விளக்கில்லாமல் மருந்து போட்டது, பார்க்காமல் எழுதியது, டாக்டரம்மா கண்டுபிடித்தது. வலி உண்மை, தோல் கிழிகிறது, அதனால்தான் உங்கள் மனைவி ஒதுங்கியிருந்தார் என்றும் சொன்னேன்.  தாளைக் கொடுத்தேன். அதோடு தமிழில் நான் எழுதி வைத்திருந்த பக்கத்தை நின்றபடி இரண்டு தரம் படித்தார்.

பிறகு சொன்னார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

“நீ தப்பா எழுதின. சரி, ஒத்துக்கினு வந்து சொல்ற. உன்கிட்ட எனக்கு கோவம் இல்ல. ஆனா அந்தச் சீட்ட எம் மூஞ்சில வுட்டெறிஞ்சது நீயா? எங்கம்மா எதிர்ல, பண்ணையாளுங்க எதிர்ல, ‘எந்தத் தேவடியாகிட்ட வாங்கிக்கினு வந்த?’ன்னு கேட்டது நீயா? வெள்ளிக்கிழம தோறும் நான் காஞ்சிபுரம் போனது தறிக்கு நூல் வாங்க. எட்டு வருஷம் எங்கூட குடும்பம் பண்ணிக்கினு இருந்தவளுக்கு அது தெரியாதா? ரத்தம் குடுத்துட்டு தாள் வர வரைக்கும் பத்து நாளு இந்த ஊர்ல எப்படி நடந்தன்னு யாராவது கேட்டீங்களா?”

 அறைக் கதவுக்குப் பின்னால் உங்கள் மாமியார் எல்லம்மாள் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அம்மா, சீட்டு அவர் கைக்குப் போய்விட்டது என்று எழுதினீர்கள். நான் உறையைச் சரியாக ஒட்டவில்லையோ, வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டேனோ என்று இரண்டு மாதமாக என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன். நீங்களே கொடுத்தீர்கள் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். என் பங்குத் தப்பை நான் சுமந்துகொண்டு போனேன். உங்கள் பங்கையும் சேர்த்து என் தலையில் வைத்து அனுப்பியிருக்கிறீர்கள்.

தாளை அவரிடமே விட்டுவிட்டு வந்தேன்.

அம்முலு

*

கூரம்
3-5-1961

அம்முலுவுக்கு,

நீ எழுதியது நியாயம். ஐந்தாறு நாள் பேனாவைத் தொட முடியவில்லை.

ஆமாம், நான்தான் எறிந்தேன். உன் சீட்டைப் படித்தபோது எனக்கு அதிர்ச்சியாக இல்லை. உள்ளுக்குள் ஒரு நிம்மதிகூட வந்தது என்று சொன்னால் நம்புவாயா? இரண்டு வருஷமாக என்னவென்று தெரியாமல் வெந்துகொண்டிருந்தேன். நான் அசுத்தமானவளா, ஏதாவது சாபமா என்று. சீட்டைப் பார்த்ததும், ஆக இது என்னால் இல்லை, அவரால் வந்தது என்று பிடித்துக்கொண்டேன். கேட்கவில்லை, விசாரிக்கவில்லை. எதிரில் யார் நிற்கிறார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை. உனக்காவது பயம் ஒரு காரணம். எனக்கு என்ன காரணம் சொல்வேன்?

அதை உனக்கு எழுதாமல் விட்டது வேண்டுமென்றே. முழுத் தப்பும் உன்னுடையதாக இருந்தால் எனக்குச் சுலபமாக இருந்தது. நீ எதிர்த்துப் பேசமுடியாதவள் என்பதும் எங்கேயோ மனதில் இருந்திருக்கும். மன்னித்துக்கொள்.

நேற்று அவருக்கே கடிதம் எழுதிவிட்டேன். கல்யாணமாகி அவருக்கு நான் எழுதிய முதல் கடிதம். எங்கே வலித்தது, எப்போதிலிருந்து வலித்தது, ஏன் சொல்லவில்லை, அன்றைக்கு ஏன் அப்படிக் கேட்டேன், எல்லாம் நாலு பக்கம். கூட்டிப்போகும்படி கேட்கவில்லை. அவர் பெயரை நான் பத்துப் பேர் முன்னால் கெடுத்தேன், அதே பத்துப் பேர் முன்னால் திருத்திச் சொல்வேன் என்று மட்டும் எழுதினேன்.

இன்று டாக்டரம்மாவிடமிருந்து கார்டு வந்தது. சென்னையிலிருந்து பதில் வந்துவிட்டதாம். அவர்கள் சொன்ன வியாதியேதான். புற்று இல்லை.

உன் அப்பாவுக்கு வேலை இருக்கிறதா? அதை மறக்காமல் எழுது.

ராணியம்மாள்

*

உத்திரமேரூர்
12-6-1961

அன்புள்ள அம்மாவுக்கு,

புற்று இல்லை என்பதை முழங்காலில் நின்று வாசித்தேன். அப்பாவுக்கும் கோபாலுக்கும் வேலை இருக்கிறது. ஒன்றும் நடக்கவில்லை.

உங்கள் மேல் எனக்கு இருந்த வருத்தம் அந்தக் கடிதத்தோடு போய்விட்டது. இவ்வளவு தாமதமாகப் பதில் எழுதுவது அதனால் இல்லை. இங்கே வேலை அதிகம். முன்பு ஒரு நாளில் பத்துப் பேரைப் பார்ப்பேன். இப்போது ஐந்து பேரைத்தான் பார்க்கமுடிகிறது. எல்லாரிடமும் கேள்வி கேட்கிறேன், வெளிச்சத்தில் பார்க்கிறேன். சிலர் திட்டிக்கொண்டே எழுந்து போகிறார்கள். போனவர்களில் பாதிப் பேர் திரும்பி வருகிறார்கள்.

போன மாதம் ஒரு பெரியம்மா வந்தார்கள். பெயர் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். அறுபது வயது இருக்கும். பல வருஷமாக நாற்றத்தோடு நீர் படுகிறது, சில நாள் ரத்தக் கறை, அடிவயிற்றில் இழுவை. சாகிற வியாதி என்று முடிவு செய்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார்கள். பழைய நானாக இருந்தால் புற்று என்றே நானும் முடிவு செய்து, தலையை ஆட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதியிருப்பேன். இந்த முறை உட்காரவைத்துப் பேச்சுக் கொடுத்தேன். பிள்ளைப்பேறு, அதற்குப் பிறகு என்ன, அதற்குப் பிறகு என்ன என்று கேட்டுக்கொண்டே வந்தபோது, “ஒரு தபா அடி எறங்கிப்போச்சு. டாக்டரு ஒருத்தரு ரப்பர் வளையம் ஒண்ணு வச்சாரு” என்றார்கள். கர்ப்பப்பை கீழே இறங்கியதைத்தான் அப்படிச் சொன்னார்கள். எப்போது? ஒன்பது வருஷத்துக்கு முன்னால். மூன்று மாதத்தில் வரச் சொன்னார்களாம், கழற்றிக் கழுவி வைப்பதற்கு. வலி நின்றுவிட்டதே என்று இவர்கள் போகவில்லை. பிறகு அது உள்ளே இருப்பதே மறந்துபோயிற்று.

பார்த்தேன். உள்ளேதான் இருந்தது. சதை அதன்மேல் வளர்ந்து மூடப் பார்த்திருந்தது. நான் இழுக்கவில்லை. டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். மெதுவாக எடுத்து, புண்ணுக்கு மருந்து வைத்து அனுப்பினார்கள். புற்றும் இல்லை, ஒன்றும் இல்லை. மூன்று வாரத்தில் ஆறிவிட்டது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்தப் பெரியம்மா சிரித்த சிரிப்பு இருக்கிறதே, பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். “ரப்பருக்கு பயந்துகினா ஒம்போது வருஷம் செத்துகினு இருந்தன்!” என்றார்கள்.

உங்கள் கணவரிடமிருந்து ஏதாவது பதில் வந்ததா?

அம்முலு

*

திருப்புலிவனம்
2-7-1961

அன்புள்ள அம்முலுவுக்கு,

மேலே ஊர்ப்பெயரைப் பார்த்திருப்பாய். வந்து நாலு நாள் ஆகிறது. நீ பயிற்சிக்காகச் செங்கல்பட்டு போயிருப்பதாக உன் அப்பா சொன்னார். அதனால் அங்கேயே எழுதுகிறேன்.

நீ பெயர் சொல்லாத பெரியம்மா யாரென்று தெரிந்துவிட்டது. அவரே சொன்னார். நான் வந்த அன்று சாயங்காலம், அரிசி புடைத்துக்கொண்டிருந்த மாமியார், தலையை நிமிர்த்தாமலே, “எனக்கு ஒம்போது வருஷம். யார்கிட்டயும் வாயத் தொறக்கல. நீ ரெண்டு வருஷத்துல தொறந்த. ஒன்னத் தொரத்திட்டன்” என்றார்.  நீ அன்று கூடத்தில் நின்று பேசியதைக் கதவுக்குப் பின்னால் கேட்ட பிறகுதான் உன்னிடம் வர அவருக்குத் தோன்றியிருக்கிறது. முறத்தின் இன்னொரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நானும் கல் பொறுக்கினேன்.

பச்சையம்மாள் முதல் நாள் என்னிடம் வரவில்லை. தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். இரண்டாம் நாள் பாயை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

சொன்னபடி செய்துவிட்டேன். நடவுக்கு ஆட்கள் வந்திருந்த காலையில், அன்றைக்கு எதிரில் நின்ற எல்லாரும் இருக்கும்போது, “மார்கழி மாசம் அவரப் பத்தி நான் சொன்னது பொய். ரத்தத்துலயும் ஒண்ணும் இல்ல, நடத்தையிலயும் ஒண்ணும் இல்ல. எனக்கு வந்தது தோல் வியாதி” என்று சொன்னேன்.  நடவுக்கு வந்திருந்த செங்கேணி, “எங்க அக்காவுக்கும் அரிப்பு கீது. எங்க காட்டணும்?” என்று கேட்டாள். உன் பெயரைச் சொல்லியிருக்கிறேன்.

வியாதி போய்விடவில்லை. களிம்பை வாரத்துக்கு இரண்டு நாளாகக் குறைத்திருக்கிறேன். ஆவணியில் டாக்டரம்மாவிடம் போகவேண்டும். மற்ற விஷயத்துக்கு அவசரமில்லை, தோல் தேறட்டும் என்று டாக்டரம்மா சொன்னதையும் அவரிடம் சொல்லிவிட்டேன். தலையை ஆட்டினார்.

அவரிடமிருந்து பதில் வந்ததா என்று நீ கேட்டதற்கு இன்னும் எழுதவில்லை. என் கடிதம் போய் எட்டு வாரம் சத்தமே இல்லை. நான் நம்பிக்கையை விட்டுவிட்டேன். ஆனி மாதம் பாதியில் ஒரு காலை அண்ணன் வீட்டு வேப்பமரத்தடியில் சைக்கிளை நிறுத்திவிட்டு நின்றார். அண்ணன் கொடுத்த மோரைக் குடித்தார். என்னைத் தனியாகப் பார்த்ததும் கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

“வலிக்குதுன்னு ஏன் சொல்லல?” என்று கேட்டார்.

“சொல்லி இருந்தா நம்பி இருப்பீங்களா?” என்றேன்.

 சைக்கிள் கைப்பிடியைத் துண்டால் துடைத்தார். நம்பியிருப்பேன் என்று சொல்வார் என நினைத்தேன். அப்படிச் சொன்னால் நான் என்ன செய்வது என்றுகூட யோசித்துவிட்டேன்.

“அப்ப நம்பி இருக்க மாட்டன்” என்றார்.

அம்முலு, அவர் அதைச் சொன்னதற்காகத்தான் அன்றைக்கே துணிமணிகளைக் கட்டிக்கொண்டு அவரோடு கிளம்பினேன்.

உன்
ராணியம்மாள்